அம்மாவுடன் ஆறு கோயில்கள்

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, கையில் காப்பியுடன் நின்றுகொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மும்பையில் தெருவுக்குத் தெரு சர்ச் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. யார் கட்டியது, உள்ளே என்ன இருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் போகலாமா, ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் அந்த மதத்துக்காரர். நம் இதழுக்கு எழுதக் கூடாதா?" என்றார்.

எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. நான் கட்டடக் கலை படித்தவன் அல்ல. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவன். இந்த நகரத்துக் கோயில்களை நான் ஆராய்ச்சிக்காகச் சுற்றிப் பார்க்கவும் இல்லை. 1991, 92-ஆம் ஆண்டுகளில் என் தாயாருக்கு ஒரு கோயில் தேடிச் சுற்றினேன். அந்தக் கதையைச் சொல்லாமல் கோயில்களை மட்டும் சொல்ல எனக்கு வராது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா வந்த கதை

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி. பனிமய மாதா கோயில் தெருக்களில் வளர்ந்தவன் நான். 1713-ல் கட்டிய கோயில் அது. அங்குள்ள மாதா சுரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி திருநாள். என் அம்மாவுக்கு நாட்காட்டி என்றால் அந்தத் திருநாளுக்கு முன், அந்தத் திருநாளுக்குப் பின் என்று இரண்டே பகுதிதான். தினமும் காலைப் பூசைக்குப் போகாமல் அவள் அடுப்புப் பற்றவைத்தது இல்லை.

1990-ல் அப்பா காலமானார். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் அந்த ஜூன் மாதம் பம்பாய்க்கு அழைத்து வந்தேன். அன்றைக்கு நாங்கள் ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். எங்கள் பங்குக் கோயிலில் எல்லாம் ஆங்கிலப் பூசை. நானும் என் மனைவியும் பழகிவிட்டோம். பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும். அம்மாவும் மறுப்புச் சொல்லாமல் ஞாயிறுதோறும் முக்காடு போட்டுக்கொண்டு எங்களோடு வந்தாள். கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. நன்மை வாங்கும் நேரம் வந்தால் எல்லாரும் எழுந்து பீடத்தை நோக்கிப் போவார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்தே இருப்பாள். (பூசையில் அப்பத்தை ஆண்டவரின் திருவுடலாக வழங்குவதைத்தான் எங்கள் பக்கத்தில் நன்மை என்போம்.) கேட்டால், "முழங்கால் வலிக்குய்யா" என்பாள். நாளாக ஆகப் பேச்சும் குறைந்தது.

இந்தக் கோயில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டினேன். சின்னக் கோயில், சாதாரணக் கட்டடம். பனிமய மாதா கோயிலில் வாழ்ந்தவளுக்கு இது எப்படி ஒட்டும்? பம்பாயில் இல்லாத பெரிய கோயிலா? ஒவ்வொன்றாகக் காட்டுவோம், எது பிடிக்கிறதோ அங்கே மாதம் ஒருமுறையாவது அழைத்துப் போவோம் என்று கிளம்பினேன்.

கொலாபா: வானம் பார்த்த கோபுரங்கள்

முதலில் போனது கொலாபாவிலுள்ள ஹோலி நேம் கதீட்ரல். கதீட்ரல் என்றால் பேராயரின் இருக்கை உள்ள தலைமைக் கோயில். கோலிவாடா ஸ்டேஷனில் (இன்றைய குரு தேக் பகதூர் நகர்) ரயிலேறி வி.டி.யில் இறங்கி, அங்கிருந்து பஸ். ரீகல் தியேட்டர் பக்கம் இறங்கி நடந்தால் இரட்டைக் கோபுரம் தெரியும்.

1905-ல் கட்டி முடித்த கோயில் இது. வரைபடம் போட்டவர் டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். கோதிக் பாணி. அதாவது கூரான வளைவுகள், உயர்ந்த தூண்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். வெயில் அரிதான ஐரோப்பிய நாடுகளில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளப் பெரிய பெரிய ஜன்னல் வைத்தார்கள். அந்த வெளிச்சத்துக்கே நிறம் பூசி வேதக் கதைகளை எழுதினார்கள். எழுத்தறியாதவர் படிக்கும் புத்தகம் அது. உள்ளே நுழைந்ததும் நம் கண் தானாகவே மேலே போகிறது. விதானம் முழுவதும் ஓவியம். பெரிய குழல் ஆர்கன் ஒலிக்கும்போது பெஞ்சுப் பலகையும் லேசாக அதிர்வதை உணரலாம்.

1964-ல் பம்பாயில் அகில உலக நற்கருணை மாநாடு நடந்தது. போப் ஆறாம் பவுல் அதற்காக வந்தார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் போப் அவர்தான். அவர் அளித்த மணி இந்தக் கோயிலில் இருக்கிறது. இந்தியாவின் முதல் கர்தினாலான வலேரியன் கிராசியாஸ் இங்கேதான் பேராயராக இருந்தார். இதையெல்லாம் அம்மாவுக்கு வழிகாட்டிபோல் விளக்கிக்கொண்டே வந்தேன்.

அம்மா ஓவியத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கமாக நடந்து போய், பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டின் அருகே நின்றுவிட்டாள். வேலைப்பாட்டை ரசிக்கிறாள் என்று எண்ணி, "பழைய தேக்கா இருக்கும்மா" என்றேன். "ஆமா, நல்ல மரம்" என்றாள்.

வீடு திரும்பும்போது, "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"ராசா வீடு மாதிரி இருக்குய்யா. பேசவே பயமா இருக்கு."

பாந்திரா: கடல் வழி வந்த மாதா

இரண்டாவது, பாந்திரா மலை மாதா கோயில். மவுண்ட் மேரி என்று எல்லாருக்கும் தெரியும். 1991-ல் செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. மாதாவின் பிறந்த நாள், அங்கே பெருவிழா. கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறிப் பாந்திராவில் இறங்கினோம். அங்கிருந்து கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பாந்திரா அன்றைய சால்செட் தீவைச் சேர்ந்தது. 1661-ல் பம்பாய்த் தீவு போர்ச்சுகீசிய இளவரசியின் சீதனமாக ஆங்கிலேயருக்குப் போனது. பாந்திராவோ 1739-ல் மராட்டியர் படையெடுப்பு வரை போர்ச்சுகீசியரிடமே இருந்தது. மலைமேல் இருந்த பழைய மாதா கோயில் அந்தப் போர்க் காலத்தில் அழிந்து, மறுபடி எழும்பியது. இன்று நாம் பார்க்கும் கோயில் 1904-ல் கட்டியது. கட்டடக் கலைஞர் ஷாபூர்ஜி சந்தாபாய் என்ற பார்சி. மாதா கோயிலுக்குப் பார்சி ஒருவர் வரைபடம் போட, அந்த மாதாவை 'மோத் மாவுலி', பெரிய தாய், என்று கோலி மீனவர்கள் கும்பிட, இந்துக்களும் முஸ்லிம்களும் வரிசையில் நிற்க, பம்பாய் என்றால் என்னவென்று அந்த மலைமேல் நின்றால் விளங்கும்.

படியோரம் முழுக்க மெழுகுக் கடைகள். கை, கால், குழந்தை, வீடு என்று எது வேண்டுமோ அந்த வடிவில் மெழுகு வாங்கிக் காணிக்கை வைக்கிறார்கள். நம் ஊரில் வெள்ளியில் கண்மலர் சாத்துவதுபோலத்தான். பீடத்தின் மேல் ஜரிகை அங்கியில் மாதா, கையில் குழந்தை இயேசு. சுவர்களில் மாதாவின் வாழ்க்கைச் சித்திரங்கள்.

அம்மாவின் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்தது. முழங்கால் வலியோடு அத்தனை மேடும் ஏறி வந்தாள். ஒரு கால் வடிவ மெழுகு வாங்கி வைத்தாள்.

கீழே இறங்கி ஹில் ரோடு வழியாக நடந்து, புனித அந்திரேயா கோயிலுக்கும் போனோம். 1575-ல் சேசு சபையார் கட்டியது. முகப்பு இன்றும் பழைய போர்ச்சுகீசிய முகப்புத்தான். வளாகத்தில் பழைய கல்லறைகள். ஒரே கல்லில் செதுக்கிய, 17 அடி உயரமுள்ள சிலுவை ஒன்று நிற்கிறது. அதன்மேல் இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் சின்னங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மலையிலிருந்து கொள்ளைபோன மாதாவுக்குப் பதிலாகக் கடலில் மிதந்து வந்ததாகக் கோலி மக்கள் சொல்லும் மாதா சுரூபம் இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். "கடக்கரை ஊருக்கெல்லாம் மாதா கடல் வழியாத்தான் வருவா போல."

இங்கே ஒரு செய்தி. பம்பாய், வசாய் பகுதிகளின் பூர்வீகக் கத்தோலிக்கர்களுக்கு 'ஈஸ்ட் இந்தியன்' என்று பெயர். 1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில் அவர்களே வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் பேசுவது மராட்டி மொழியின் ஒரு வகை. கோவாக்காரர், மங்களூர்க்காரர் கொங்கணி பேசுவார்கள். பாந்திராவில் அன்று நான் கேட்டதே மூன்று நான்கு மொழி. தமிழ் மட்டும் காதில் விழவில்லை.

மாலைப் பூசையில் நன்மை நேரம் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. மலை ஏறி வந்தவள் பீடத்துக்குப் பத்தடி நடக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தாதர்: முற்றம் வைத்த கோயில்

மூன்று நான்கு மாதம் கழித்து, தாதரில் 'போர்ச்சுகீஸ் சர்ச்' என்று பஸ் கண்டக்டர் கூவும் நிறுத்தத்தில் இறங்கினோம். சரியான பெயர் ரட்சிப்பின் மாதா கோயில். பிரான்சிஸ்கன் துறவிகள் 1596-ல் நிறுவியது. பெயரைக் கேட்டுப் பழைய கோபுரத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இன்றுள்ள கட்டடம் 1970-களில் சார்லஸ் கொரியா கட்டியது. அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம், பம்பாயில் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடி ஆகியவற்றைக் கட்டியவர். நவி மும்பைத் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். 2015-ல் மறைந்தார்.

கோதிக் கோயில் குளிர் நாட்டின் பிள்ளை என்றேன் அல்லவா? கொரியா நம் வெயிலையும் மழையையும் யோசித்துக் கட்டினார். ஒரே பெரிய மண்டபம் என்று இல்லை. ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்ளும் இடங்கள். சில கூரைக்கு அடியில், சில வானத்துக்கு அடியில். நடுநடுவே முற்றங்கள். காற்று அதன் வழியே உள்ளே வந்து போகிறது. மேலே சிப்பி கவிழ்த்ததுபோல் கான்கிரீட் கூரை. அதன் உச்சி வழியே வெளிச்சம் பீடத்தின்மேல் இறங்குகிறது. அந்த உச்சிக் கண்ணாடியில் எம்.எஃப். ஹுசேனின் கைவண்ணம். கோவா வம்சாவளிக் கத்தோலிக்கர் கட்டிய கோயிலில் முஸ்லிம் ஓவியரின் வேலை!

படித்தவர்கள் புகழும் கட்டடம், அம்மாவுக்கு இது பிடிக்காது என்று நினைத்துத்தான் அழைத்துப் போனேன். அவளோ முற்றத்தோரம் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகம் துடைத்தாள். "நம்ம பாட்டி வீட்டு முத்தம் மாதிரி இருக்கு. இந்த ஊர்ல இப்பத்தான் காத்து வருது" என்றாள்.

பூசை ஆங்கிலத்தில் நடந்தது. வெளியே வரும்போது அவளாகவே பேச்செடுத்தாள்.

"எய்யா, நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப எல்லாம் லத்தீன் பூசைதான். எனக்கும் புரியாது, பக்கத்துல இருக்கவளுக்கும் புரியாது. சாமியார் அந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு. ஆனா எல்லாரும் ஒண்ணா இருந்தோம். இப்ப பக்கத்துல இருக்கவளுக்குப் புரியுது. எனக்கு மட்டுந்தான் புரியல."

1962 முதல் 65 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் செய்த பெரிய மாறுதல், அவரவர் மொழியில் வழிபாடு. அதைப் பற்றிப் பெருமையாக எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். மொழி மாறின ஊருக்குக் குடிபோன கிழவிக்கு அது என்ன செய்தது என்று அன்றுதான் கேட்டேன்.

மாகிம்: கடிதம் எழுதும் கோயில்

1992 தவக்காலம். மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அம்மாவை மாகிம் புனித மிக்கேல் கோயிலுக்கு அழைத்துப் போனேன். புதன்கிழமைகளில் மாகிம் பக்கம் போக்குவரத்து ஏன் நெரிகிறது என்று தெரியாத பம்பாய்க்காரர் கிடையாது. 1534-ல் பிரான்சிஸ்கன் துறவி அந்தோணியோ தோ போர்த்தோ காலத்தில் தொடங்கிய பழம்பெரும் பங்கு. இப்போதுள்ள கட்டடம் 1973-ல் எழுந்தது. கட்டடத்தில் அலங்காரம் குறைவு. அங்கே காணவேண்டியது கூட்டத்தின் பக்தியைத்தான். சகாய மாதா படத்தின் முன் 1948-லிருந்து புதன்தோறும் நவநாள். ஒன்பது புதன்கிழமை விடாமல் வந்தால் கேட்டது கிடைக்கும் என்பது நம்பிக்கை. வருகிறவர்களில் கிறிஸ்தவரல்லாதவர் ஏராளம்.

மாதாவுக்குக் கடிதம் எழுதிப் போடுவது அங்குள்ள வழக்கம். வேண்டுதல் கடிதம், நன்றிக் கடிதம். வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது, குடித்த கணவர் திருந்தினார் என்று நவநாளில் வாசிப்பார்கள். நான் காகிதமும் பேனாவும் எடுத்து, "சொல்லும்மா, நான் இங்கிலீஷ்ல எழுதிப் போடறேன்" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். "எழுதிப் போடற விஷயம் இல்லய்யா. வாயால சொல்லணும்."

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பால்கனியில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். பம்பாய் வந்து இருபத்தோரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்து, பாஸ்கு காலத்தில் நன்மை வாங்க வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. அந்தக் கட்டளையை வாழ்நாளில் முதல்முறையாக மீறிவிட்டாள். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்க மனம் ஒப்பவில்லை. முழங்கால் வலி என்றது பொய். "அந்தப் பொய்யையும் சேத்துச் சொல்லணும்" என்றாள்.

அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு ஊர் போயிருந்தால் முடிந்திருக்கும். லீவும் பணமும் கூடிவராமல் நான்தான் தள்ளிப்போட்டேன்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நான் கூட வந்து சாமியார்கிட்ட இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லியிருப்பேனே" என்றேன். எவ்வளவு அசட்டுப் பேச்சு என்று சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பாவப் பத்தி ஒண்ணு இருக்குய்யா. சாமியார்கிட்ட சொல்லலாம். உங்கிட்ட சொல்ல முடியாது. ஜெபம் எந்தப் பாஷையிலயும் சொல்லிப்புடலாம். மாதாவுக்கு எல்லாப் பாஷையும் தெரியும். செஞ்ச பாவத்தை நமக்குத் தெரிஞ்ச பாஷையிலதான சொல்ல முடியும்?"

கொலாபாவின் மரக்கூண்டு அப்போது நினைவுக்கு வந்தது. நான் தேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே யாராவது தமிழ் பேசுவார்களா என்று பார்த்திருக்கிறாள்.

தாராவி: பக்கத்திலிருந்த கோயில்

மறுநாள் அலுவலகத்தில், பல வருஷமாக எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்த கடைநிலை ஊழியர் ஒருவரிடம் எதேச்சையாக இதைச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் மதம்தான் என்பதும் தெரியும்.

"தாராவி அந்தோணியார் கோயில்ல தமிழ்ப் பூசை உண்டே, சார்" என்றார். "நாங்க எல்லாரும் அங்கதான் போறோம்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீங்க அங்கல்லாம் வருவீங்களான்னு..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. தாராவியில் தமிழர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள். பொங்கலன்று தொண்ணூறு அடி ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பானை வைப்பதைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பிலிருந்து சயான் வழியாக அரை மணி நேரம்கூட ஆகாது. கொலாபாவுக்கும் பாந்திராவுக்கும் ரயிலேறிப் போனவனுக்குத் தாராவியில் விசாரிக்கத் தோன்றவில்லை. நல்ல உடுப்பு உடுத்தி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போவது என் கணக்கில் இருந்ததே இல்லை. அதுதான் உண்மை. இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

1992 ஏப்ரல் 12, குருத்து ஞாயிறு. அந்த ஊழியரே சயான் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்து அழைத்துப் போனார். இந்தக் கோயிலின் கட்டடத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கொலாபாவின் விதானமும் தாதரின் கூரையும் இங்கே கிடையாது. உள்ளே நுழைந்தவுடன் மல்லிகை வாசனையும் ஆர்மோனியச் சத்தமும்தான் முதலில் வந்து சேர்ந்தன. பெண்கள் தலையில் முக்காடு, கையில் குருத்தோலை. இடம் போதாமல் வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு பாட்டி நகர்ந்து உட்கார்ந்து, "வாங்கக்கா, எந்த ஊரு?" என்றாள். அம்மா "தூத்துக்குடி" என்று சொன்ன குரலை நான் இரண்டு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை.

குருத்து ஞாயிறன்று இயேசுவின் பாடுகளை முழுதாக வாசிப்பார்கள். நீண்ட வாசகம். பாந்திராவிலும் தாதரிலும் ஜெபமாலை உருட்டியவள், அன்று மாலையை மடியில் வைத்துவிட்டு முழுதையும் கேட்டாள். பேதுரு மறுதலிக்கும் இடத்தில் கண்ணைத் துடைத்தாள்.

பூசை முடிந்தபின் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கூண்டுகூட இல்லை. அம்மா பக்கத்தில் முழந்தாளிட்டாள். நான் வெளியே தெருவில் நின்றேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

வெளியே வந்தவள், "பசிக்குய்யா" என்றாள். எதிரே ஒரு கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, உயிர்த்த ஞாயிறு. வரிசையில் முதல் ஆளாக நின்று நன்மை வாங்கினாள்.

பழைய ஒரு புத்தகம்

இதன்பின் எனக்கு ஒரு விஷயம் புதிதாக விளங்கியது. தமிழ் அச்சு வரலாறு படித்தவர்களுக்கு அண்டிரிக் அடிகளார் என்ற பெயர் தெரிந்திருக்கும். போர்ச்சுகலிலிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1580-ல், அவர் அச்சிட்ட இன்னொரு தமிழ் நூலின் பெயர் 'கொம்பெசியோனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் நூல்.

பெயரை மட்டும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். அச்சு எந்திரம் என்ற அதிசயம் கைக்கு வந்த உடனே, எத்தனையோ விஷயம் இருக்க, அந்த மனிதர் ஏன் இதை அச்சிட்டார் என்று யோசித்ததில்லை. கடற்கரை மக்கள் தங்கள் பாரத்தைத் தங்கள் மொழியில் இறக்கி வைக்க வேண்டும் என்பதை அவர் அன்றே அறிந்திருக்கிறார். 1600-ல் இறந்த அவரை அடக்கம் செய்தது எங்கள் தூத்துக்குடியில்தான். அந்த ஊர்க்காரியின் மகனான எனக்கு அது விளங்க இருபத்திரண்டு மாதம் ஆயிற்று.

அன்பருக்குப் பதில்

சங்க அன்பர் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். இந்தக் கோயில்கள் அனைத்துக்கும் யாரும் போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மற்றவர் கழற்றியிருந்தால் நீங்களும் கழற்றுங்கள். பூசை நடக்கும்போது எழுந்து சுற்றிப் பார்க்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். மற்றவர் நின்றால் நிற்கலாம். நன்மை வாங்க மட்டும் வரிசையில் போக வேண்டாம். அது கத்தோலிக்கருக்கு உரியது. மெழுகுவத்தி ஏற்ற யாருக்கும் தடையில்லை. ஓவியம், கண்ணாடி பார்க்கக் கொலாபாவுக்குப் போங்கள், அதுவும் வெயில் ஏறிய நேரத்தில். கட்டடக் கலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளை தாதருக்கு அழைத்துப் போங்கள். பம்பாயின் பழமைக்குப் புனித அந்திரேயா. கூட்டத்தோடு கூட்டமாக வேண்டிக்கொள்ள மவுண்ட் மேரியும் மாகிமும்.

அம்மா அதன்பின் ஆறு வருஷம் எங்களோடு இருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு தாராவி. 1992 டிசம்பரிலும் 93 ஜனவரியிலும் கலவரத்தால் போக முடியாத வாரங்களில், அந்தப் பாட்டி என்ன ஆனாளோ என்று கேட்டு என்னை விசாரித்துவரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நலமாக இருந்தாள் அந்தப் பாட்டி. 1998-ல் அம்மா இறந்தபோது அடக்கத்துக்கு அங்கிருந்து இருபது முப்பது பேர் வந்து தமிழில் ஜெபம் சொன்னார்கள்.

மற்ற ஞாயிறுகளில் எங்களோடு ஆங்கிலப் பூசைக்குத்தான் வருவாள். வருஷத்தில் ஒன்றிரண்டு முறை அவளே, "அந்த முத்தம் வச்ச கோயிலுக்குப் போவமாய்யா?" என்று கேட்பாள். தாதருக்குப் போவோம். புரியாத பூசையைக் காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பார்ப்பாள். நன்மை நேரத்தில் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள்.

ஊரிலிருந்து வயதான பெற்றோரை அழைத்து வந்து வைத்திருக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர். எந்த மதத்தவராயினும், அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது நல்லதுதான். அதற்கு முன்னால், அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.